அணுக்களின் பங்கீடும் அதிகாரத்தின் தீர்ப்பும்

1951ஆம் ஆண்டு யூன் மாதம் 11ஆந் திகதி முதல் நான்கு நாட்கள், இரசாயன அமைப்புக் கொள்கை பற்றிய அனைத்துச் சோவியத்து மாநாடொன்று மொஸ்கோ நகரில் நடைபெற்றது. ஏறத்தாழ 400 இரசாயன அறிஞர் கூடியிருந்த அம்மாநாடு, லைனஸ் போலிங் என்னும் அமெரிக்க விஞ்ஞானி வகுத்த 'பரிவு'க் கொள்கையைக் கருத்துமுதல்வாதம் என்று கூறிக் கண்டித்தது. எட்டு மாதங்கள் கழிந்தன. இலண்டனில் நடைபெறவிருந்த விஞ்ஞானக் கூட்டமொன்றிற்குச் செல்வதற்காக அதே போலிங் கடவுச்சீட்டுக் கேட்டிருந்தார். அவருடைய பயணம் நாட்டின் நலனுக்கு உகந்ததாகாது என்று கூறி, அமெரிக்க இராசாங்கத் திணைக்களம் 1952 பெப்ரவரியில் அதனை மறுத்தது. அவர் கம்யூனிஸ்டுகளுக்கு நெருக்கமானவர் என்ற ஐயமே அம்மறுப்பின் அடியில் இருந்தது. மொஸ்கோவின் கண்ணுக்கு அவர் முதலாளித்துவ உலகின் கருத்துமுதல்வாதி. வாஷிங்டனின் கண்ணுக்கோ மாற்றானின் கையாள்!

இரு பெரும் அரசுகளின் சினத்துக்கும் ஒருங்கே ஆளான இம்மனிதர் அப்படி என்னதான் சொன்னார்? அரசியலில் அவர் சொன்னவை பலருக்கும் தெரிந்தவை. இரசாயனத்தில் அவர் சொன்னது பாடநூலின் ஓர் அட்டவணையாகச் சுருங்கிப்போய், மாணவர் மனனஞ் செய்யும் எண் வரிசையாகிவிட்டது. புளோரீன் 4.0, ஒட்சிசன் 3.5, நைதரசன் 3.0, காபன் 2.5, ஐதரசன் 2.1, சோடியம் 0.9 எனச் செல்லும் அவ்வரிசைக்கு மின்னெதிர்த்தன்மை என்று பெயர். அவ்வெண்கள் எங்கிருந்து வந்தன, அவற்றுக்கு முன் எத்தனை ஆண்டுகள் மனிதர் எதை நம்பிச் சண்டையிட்டனர் என்பனவற்றைப் பாடநூல் சொல்வதில்லை. அவ்வரலாற்றை அறியாமல் 1951ஆம் ஆண்டின் மாநாட்டையும் விளங்கிக்கொள்ள முடியாது.

1800இல் இத்தாலியரான வோல்ற்றா மின்கல அடுக்கை அமைத்தார். இடையறாத மின்னோட்டம் மனிதன் கைக்குக் கிட்டிய ஆண்டு அது. சில ஆண்டுகளுக்குள் சுவீடனில் பேர்சீலியசும் அவர் நண்பர் ஹிசிங்கரும் உப்புக் கரைசல்களினூடே அம்மின்னோட்டத்தைச் செலுத்தி, அமிலக் கூறு ஒரு முனையிலும் மூலக் கூறு மறுமுனையிலும் சென்று சேர்வதைக் கண்டனர். 1807இல் இங்கிலாந்தின் டேவி அதே கருவியால் பொற்றாசியத்தையும் சோடியத்தையும் பிரித்தெடுத்தார். மின்சாரம் பொருள்களைப் பிரிக்கின்றது எனில், அவற்றைச் சேர்த்து வைத்திருந்ததும் மின்சாரமாகவே இருத்தல் வேண்டும் அன்றோ? இந்த அனுமானத்திலிருந்து பேர்சீலியசு ஒரு முழு உலகத்தைக் கட்டினார். ஒவ்வொரு மூலகத்துக்கும் நேரியல்போ எதிரியல்போ உண்டு. ஒவ்வொரு சேர்வையும் நேர்ப்பகுதி ஒன்றும் எதிர்ப்பகுதி ஒன்றும் கூடியதே என்றார். மூலகங்களை ஒரே வரிசையில் நிறுத்தி, ஒட்சிசனை எதிர்த்தன்மையின் உச்சியிலும் பொற்றாசியத்தை அதன் எதிர்க்கோடியிலும் வைத்தார். ஒட்சிசனோடு சேரும் இயல்பைக் கொண்டு இதையொத்த அளவையொன்றை அவகாதரோ 1809இலேயே சிந்தித்திருந்தார். எனினும் உலகம் ஏற்றது பேர்சீலியசின் சொல்லையே.

நம் நாட்டுப் பாடநூல்கள் வழங்கும் 'மின்னெதிர்த்தன்மை' என்ற சொல் அந்தப் பழைய காலத்தைத் தன்னுள் சுமந்து நிற்கின்றது. தமிழகப் பாடநூல்களோ 'எலக்ட்ரான் கவர் தன்மை' என்கின்றன. முன்னது வரலாற்றைக் காக்கின்றது; பின்னது இன்றைய பொருளை நேரே சொல்லிவிடுகின்றது. கலைச்சொல் பற்றி வழக்காடுவோர் ஏதாவதொன்றைத் தள்ளிவிட வேண்டும் என்பர். வகுப்பில் இரண்டையும் சொல்லிக்கொடுத்தால் யாருக்கும் நட்டமில்லை என்பது என் எண்ணம்.

பேர்சீலியசின் கொள்கை பெரும் பயன் தந்தது. ஆயின் அதன் உள்ளேயே ஒரு கேடும் இருந்தது. எதிரெதிர் மின்னியல்புகளே சேரும் என்றால், ஒத்த இரு அணுக்கள் ஒருபோதும் சேர முடியாது. ஐதரசன் வாயுவின் துணிக்கை ஒவ்வொன்றிலும் இரண்டு ஐதரசன் அணுக்கள் உள்ளன என்னும் முடிவுக்கு இட்டுச் செல்லும் கருதுகோளை அவகாதரோ 1811இல் வெளியிட்டார். அதனை ஏற்பார் இல்லை. 'ஒரே மின்னியல்புள்ள இரண்டு எவ்வாறு கூடும்?' என்ற ஒரு வினாவே அதனை ஓரங்கட்டப் போதுமாயிற்று. 1858இல் கன்னிசாரோ அதனை மீட்டெடுத்து, 1860இல் காள்சுறூ மாநாட்டில் அதற்காக வாதாடும் வரை அரை நூற்றாண்டு அணுநிறைகள் குழப்பத்திற் கிடந்தன. அரசு எதுவும் தலையிடாமலே, அறிஞரின் செல்வாக்கு மட்டும் இத்துணைக் காலம் ஒரு மெய்யை மறைக்க வல்லது என்பதை நாம் மறத்தலாகாது.

அக்கோட்டையை இடித்தவை பிரான்சின் சேதன இரசாயன ஆய்வுகள். ஒரு சேர்வையிலுள்ள ஐதரசனை அகற்றி அதன் இடத்திற் குளோரீனை அமர்த்தலாம் என்று துமா 1834இற் காட்டினார். அவ்வாறு மாற்றிய பின்னும் பொருளின் அடிப்படை இயல்பு மாறாது நிற்கும் என்று துணிந்து சொன்னவர் லோராங் என்ற இளைஞர். பேர்சீலியசின் கணக்கில் ஐதரசன் நேர், குளோரீன் எதிர். நேர் இருந்த இருக்கையில் எதிர் வந்து அமர்ந்தால் மூலக்கூறு சிதற வேண்டாமா? பேர்சீலியசு சினந்தார், துமாவும் முதலில் அக்கருத்து தம்முடையதன்று என்று நழுவினார். பின்னர், வினாகிரியின் அமிலமான அசற்றிக்கமிலத்தில் மூன்று ஐதரசன்களுக்குப் பதிலாக மூன்று குளோரீன்களை அவரே அமர்த்தி, முக்குளோரோ அசற்றிக்கமிலத்தைப் பெற்றார். அதுவும் அமிலமாகவே இருந்தது. தாய்ச் சேர்வையைப் போலவே நடந்துகொண்டது. லோராங்கின் கருத்தைத் துமா அப்போது தம்முடையதாக்கிக்கொண்டார். குடியரசு அனுதாபியும் வறியவருமான லோராங்கு, 1850இற் பிரெஞ்சுக் கல்லூரியின் பேராசிரியர் பதவியும் மறுக்கப்பட்டு, 1853இற் காசநோயால் மாண்டார்.

பேர்சீலியசு தோற்றார் என்று இங்கே பாடம் முடிவது வழக்கம். ஆனால் அதே முக்குளோரோ அசற்றிக்கமிலத்தை இன்னொரு முறை நோக்குவோம். தாய் அமிலத்தைவிட அது பத்தாயிரம் மடங்குக்கு மேல் வலிய அமிலம். குளோரீன் அணுக்கள் மூன்றும் இலத்திரன்களைத் தம்பால் இழுக்கின்றன. ஐதரசன் அயன் நீங்கியபின் எஞ்சும் எதிரேற்றம் அவ்விழுப்பினாற் பரவி அமைதி பெறுகின்றது. ஆதலால் ஐதரசன் அயன் எளிதில் விட்டுப் போகின்றது. பேர்சீலியசைப் புதைப்பதற்கு எடுத்த சேர்வையே அவர் சொன்னதில் பாதி மெய் என்பதற்குச் சான்றாக இருந்தது! இரு சாராரும் கண்டது உண்மையின் ஒவ்வொரு பக்கத்தையே. ஆனால் அமிலத்தின் வலிமையை எண்ணால் அளக்கும் கருவியும் கொள்கையும் 1840க்கு முன் எவர் கையிலும் இருக்கவில்லை.

1897இல் தொம்சன் இலத்திரனைக் கண்டுபிடித்த பின் பழைய வினா புதிய உருவில் எழுந்தது. 1916ஆம் ஆண்டில் இரு விடைகள் வந்தன. ஓரணு இலத்திரனை முற்றாக இழக்க, மற்றையது முற்றாகப் பெற, அயன்கள் தோன்றி ஒன்றையொன்று கவரும் என்றார் செருமனியின் கொசல். கலிபோர்ணியாவின் கில்பேட் லூயிஸ், இரண்டு அணுக்கள் ஒரு சோடி இலத்திரன்களைப் பொதுவாக வைத்திருப்பதே பிணைப்பு என்றார். ஒத்த இரு ஐதரசன் அணுக்கள் கூடும் புதிர் இவ்விளக்கத்தால் அவிழ்ந்தது. அத்தோடு லூயிஸ் இன்னொன்றுஞ் சொன்னார்: பொதுவான சோடி நட்டநடுவில் நிற்க வேண்டும் என்பதில்லை, ஒருபுறம் சாய்ந்தும் நிற்கலாம், முற்றாகச் சாய்ந்துவிட்ட நிலையே அயன் நிலை. பொதுவுடைமையும் தனியுடைமையும் போல எதிரெதிராகக் கருதப்பட்டவை ஒரே கோட்டின் இரு நுனிகளாயின. இத்துணைப் பெரிய அறிஞருக்கு நொபெல் பரிசு இறுதிவரை வழங்கப்படவில்லை என்பதையும் போகிற போக்கிற் குறித்துவிடுவோம்.

சாய்வு உண்டு என்பது சரி. எவ்வளவு சாய்வு? இந்த இடத்திலேதான் போலிங் வருகின்றார். ஒரகன் மாநிலத்தில் 1901இற் பிறந்து, ஒன்பது வயதில் மருந்துக்கடைக்காரரான தந்தையை இழந்து, உழைத்துக்கொண்டே விவசாயக் கல்லூரியொன்றிற் கற்று முன்னேறியவர் அவர். 1927இல் ஹைற்லரும் லொண்டனும் சக்திச்சொட்டுப் பொறியியலைக் கொண்டு ஐதரசன் மூலக்கூற்றை விளக்கியபோது போலிங் ஐரோப்பாவில் இருந்தார். 1932இல் அவர் அமெரிக்க இரசாயனச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியிட்ட கட்டுரையின் உபாயம் வியக்கத்தக்க எளிமை வாய்ந்தது. சாய்வை நேரே அளக்க வழியில்லை. அதன் விளைவை வெப்பத்தில் அளக்கலாம் என்று அவர் கண்டார்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். இன்றைய அளவீடுகளின்படி, ஒரு மூல் ஐதரசனின் பிணைப்பை முறிக்க 436 கிலோயூல் சக்தி வேண்டும். குளோரீனுக்கு 243 வேண்டும். ஐதரசனும் குளோரீனும் சேர்ந்த பிணைப்பில் இலத்திரன்கள் சமமாகப் பங்கிடப்பட்டிருப்பின், அதன் சக்தி இவ்விரண்டின் சராசரியாக, அதாவது ஏறத்தாழ 340 ஆக, இருத்தல் வேண்டும். ஆனால் அளந்தால் கிடைப்பது 431. மிகுதியாக உள்ள 91 கிலோயூல் எங்கிருந்து வந்தது? பங்கீடு சமமற்றது, குளோரீன் பக்கம் எதிரேற்றமும் ஐதரசன் பக்கம் நேரேற்றமும் ஓரளவு தோன்றி, அக்கவர்ச்சி பிணைப்பை மேலும் இறுக்குகின்றது என்றார் போலிங். இம்மிகுதியை இலத்திரன் வோல்ற்று என்னும் அலகுக்கு மாற்றி வர்க்கமூலம் எடுத்தால், ஏறத்தாழ ஒன்று வரும். அதுவே அவ்விரு மூலகங்களின் மின்னெதிர்த்தன்மை வேறுபாடு. இவ்வாறு சோடி சோடியாகக் கணித்து, ஏதேனும் ஒன்றின் எண்ணை நாமே நிருணயித்துக்கொண்டால், ஏனைய யாவும் வரிசையில் வந்து நிற்கும். ஆகவே இந்த எண் ஓரணு தனித்திருந்து பெற்ற சொத்தன்று. பிறிதோரணுவுடன் உறவு கொள்ளும்போது வெளிப்படும் வலிமையின் அளவு. வர்க்கமூலம் எடுத்தமைக்கு முதலில் இருந்த நியாயம் அவ்வாறு செய்தால் எண்கள் ஒழுங்காக அமைகின்றன என்பதே. தூய கணிதர் முகஞ்சுளித்தனர். ஆனால் 1934இல் முல்லிக்கன் முற்றும் வேறொரு வழியில் சென்று, அணு இலத்திரனை இழக்க வேண்டிய சக்தியையும் பெறும்போது வெளியிடும் சக்தியையும் சராசரி எடுத்து, ஏறத்தாழ அதே வரிசையைப் பெற்றார்.

இச்சிறு எண்கள் பொருள்களின் குணங்களை எவ்வாறு ஆள்கின்றன என்பதைக் காண அயலிலுள்ள மூலகங்களின் குளோரைட்டுக்களே போதும். சோடியத்துக்கும் குளோரீனுக்குமிடையே வேறுபாடு மிகுதி. அச்சேர்வை நாம் உண்ணும் உப்பு. அது உருக 801 பாகை செல்சியசு வேண்டும். அடுத்த மகனீசியத்தின் குளோரைட்டு 714 பாகையில் உருகும். அலுமினியத்திற்கு வந்தவுடன் நிலைமை திடீரெனத் திரும்புகின்றது. அதன் நீரற்ற குளோரைட்டு ஏறத்தாழ 180 பாகையிலேயே பதங்கமாகின்றது. சிலிக்கனின் குளோரைட்டோ அறையில் நீர்ம நிலையில் இருந்து, 58 பாகைக்குள் கொதித்துவிடும். ஒரு வரிசையில் நான்கு அடிகள் நடப்பதற்குள், முற்றாகக் கையளிக்கப்பட்ட இலத்திரன் சிறிது சிறிதாகப் பொதுவாகிவிடுகின்றது. அயன்களின் இறுகிய அடுக்கு தளர்ந்து தனித்தனி மூலக்கூறுகளாகின்றது.

நீரின் கதையும் இதுவே. ஒட்சிசனுக்குக் கீழ் நிற்கும் கந்தகத்தின் ஐதரைட்டு சைபருக்குக் கீழ் 60 பாகையிற் கொதிக்கும். குடும்ப வழக்கப்படி அதைவிட இலேசான நீர் இன்னுங் கீழே கொதித்திருக்க வேண்டும். ஆனால் ஒட்சிசன் ஐதரசனின் இலத்திரனைத் தன்பால் வெகுவாக இழுப்பதனால், ஒரு மூலக்கூற்றின் ஐதரசனை அடுத்த மூலக்கூற்றின் ஒட்சிசன் பற்றிக்கொள்கின்றது. ஐதரசன் பிணைப்பு எனப்படும் இப்பற்றினாலேயே நீர் 100 பாகை வரை தாங்கி நிற்கின்றது. கடலும் குளமும் நம் குருதியும் நீர்மமாக இருக்கின்றன.

எல்லாவற்றுக்கும் இவ்வெண்ணே விடை என்று எண்ணிவிடலாகாது. காபன் நாற்குளோரைட்டின் ஒவ்வொரு பிணைப்பும் சாய்ந்ததே. ஆயினும் நான்கும் நாற்புறமும் ஒத்து நிற்பதனால் முழு மூலக்கூற்றுக்கு முனைவு இல்லை. ஐதரசன் ஏலைட்டுக்களுள் மிக அதிகம் சாய்ந்த பிணைப்பு ஐதரசன் புளோரைட்டினது. நீரிலோ அதுதான் அக்குடும்பத்தின் மென்மையான அமிலம். பிணைப்பின் இறுக்கம் அங்கே ஐதரசனை எளிதில் விடுவதில்லை. காபனோரொட்சைட்டில் எதிர்முனை ஒட்சிசனில் இருக்கும் என்று எண்ணுவோம். அளந்தால் சிறிதளவு காபன் பக்கமே இருக்கின்றது. வடிவத்தையும் பிணைப்பு வலிமையையும் சேர்த்து நோக்காமல் அட்டவணையை மட்டும் பார்த்து விடை எழுதும் மாணவனை வினாத்தாள் தயாரிப்போர் இப்படிப்பட்ட இடங்களிலேதான் பிடிக்கின்றனர்.

இனி மொஸ்கோவுக்கு வருவோம். மேலே சொன்ன 91 கிலோயூல் மிகுதியைப் போலிங் 'பரிவு' என்ற கருத்தால் விளக்கினார். ஐதரசன் குளோரைட்டு முற்றும் பங்கீட்டு நிலையிலும் இல்லை, முற்றும் அயன் நிலையிலும் இல்லை. இரண்டும் கலந்த ஒன்றாகக் கணித்தால் உண்மையான மூலக்கூறு கிடைக்கும். அக்கலப்பே மேலதிக உறுதியைத் தருகின்றது என்றார். பென்சீனையும் இவ்வாறே விளக்கினார். கணிப்பிற் கலக்கும் நிலைகள் தனித்தனியே எங்கும் இருப்பன அல்ல, தாளில் வரையப்படுவன. இங்கேதான் சோவியத்து விமர்சகர் பிடித்துக்கொண்டனர். இல்லாத நிலைகளைக் கலந்து உள்ள பொருளை விளக்குவது மாஹ்வாதம் என்று 1949இல் மெய்யியற் சஞ்சிகையொன்றில் தாக்குதல் தொடங்கியது. போலிங்கின் நூலை 1947இல் உருசிய மொழியில் வெளிக்கொணர்ந்த சீர்க்கின், தியாத்கினா என்ற இரு அறிஞர்களே முதல் இலக்காயினர். அவர்கள் 1946இல் எழுதிய இரசாயனப் பிணைப்பு பற்றிய நூல் 1950இல் ஆங்கிலத்தில் வெளிவந்து மேற்கு நாடுகளிற் கற்கப்பட்டது. சொந்த நகரில் அடுத்த ஆண்டே அவர்கள் பகிரங்கக் கண்டனத்துக்கு உள்ளாயினர். 1861இலேயே மூலக்கூற்று அமைப்புக் கொள்கையை எடுத்துரைத்த பூத்லெரொவ் என்ற உருசியப் பேரறிஞரின் பெயர், அந்நிய கொள்கைக்கு எதிராக ஓர் ஆயுதமாக உயர்த்தப்பட்டது.

எழுப்பப்பட்ட வினா மூடத்தனமானதன்று. தாளில் வரையும் கோடு எவ்வளவு மெய், எவ்வளவு கணித வசதி என்பது நேர்மையான வினாவே. முல்லிக்கனின் வழியைப் பின்பற்றிய மேற்குலக அறிஞரும் பரிவுக் கொள்கையை நம்பாதிருந்தனர். குறை வினாவில் இல்லை. அதனைப் பரிசோதனைச் சாலையிலும் சஞ்சிகையிலும் தீர்க்காமல், மெய்யியல் மேற்கோள்களைக் கொண்டு ஒரு மண்டபத்திற் கைதூக்கித் தீர்க்க முயன்றமையே குறை. 1948இல் லைசென்கோ உயிரியலில் செய்தது அவர்கள் கண்முன் இருந்தது. இரசாயனம் அவ்வளவு கேட்டுக்கு ஆளாகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பரிவுக் கொள்கையைத் தாக்கி, அதனிடத்தில் தம் சொந்தக் கொள்கையை அமர்த்த விரும்பிய செலின்செவ் என்பவரை மாநாடே புறக்கணித்தது. கணிப்பவர்கள் சொல்லை மாற்றிக்கொண்டு கணித்தனர். ஆயினும், இயங்கியலைப் போற்றுவதாகச் சொன்ன ஒரு சபை, எதிரெதிர்களைப் படிநிலை வேறுபாடாகக் கண்ட ஒரு கருத்தைக் கருத்துமுதல்வாதம் என்று தள்ளியது. பொருள்முதல்வாதத்தை ஏற்ற நம்மவருட் சிலர், 'அது நம் தரப்பின் குறை; ஏன் கிளறுகிறாய்?' என்பர். அப்படி மூடிவைப்பதைப் பொருள்முதல்வாதம் என்று என்னாற் கொள்ள முடியவில்லை.

அமெரிக்காவின் செய்கையை இதனோடு சேர்த்து எடைபோடுவது தகும். 1952இல் போலிங் இலண்டனிற் பேசவிருந்தது புரதங்களின் அமைப்பைப் பற்றி. நைதரசனும் ஒட்சிசனும் ஐதரசனை இருபுறமும் பற்றி நிற்கும் பிணைப்புகளினால் புரதத்தின் சங்கிலி சுருளாகின்றது என்பது 1951இல் அவரும் துணைவர்களும் வெளியிட்ட பேறு. மின்னெதிர்த்தன்மையின் நேர் விளைவு அது. 'சுதந்திர உலகம்' என்று தன்னை அழைத்துக்கொண்ட நாடு, அதைச் சொல்ல அவரை விமானம் ஏறவிடவில்லை. 1954இல் இரசாயனத்துக்கான நொபெல் பரிசு கிடைத்தபோது, உலகின் கண் முன் மறுக்க வெட்கப்பட்டுக் கடவுச்சீட்டைக் கொடுத்தனர். அணுகுண்டுப் பரிசோதனைகளை நிறுத்தக் கோரிப் பதினோராயிரத்துக்கு மேற்பட்ட விஞ்ஞானிகள் ஒப்பமிட்ட விண்ணப்பத்தை அவரும் துணைவியார் ஏவா ஹெலனும் 1958 சனவரியில் ஐக்கிய நாடுகள் சபையில் ஒப்படைத்தனர். ஒப்பம் திரட்ட உதவியோரின் பெயர்களை 1960இல் அமெரிக்க மேற்சபையின் உபகுழு கேட்டது. அவர் கொடுக்க மறுத்துவிட்டார். 1962ஆம் ஆண்டுக்கான சமாதானப் பரிசு 1963இல் அவருக்கு அறிவிக்கப்பட்டது.

சோவியத்து நாட்டிற் காற்று 1953இன் பின் மெல்ல மாறியது. 1957இல் போலிங் அங்கு சென்றார். 1958இல் சோவியத்து விஞ்ஞானக் கழகம் அவரைத் தன் வெளிநாட்டு உறுப்பினராகத் தெரிந்தது. 1962இல் நோவோசிபிர்ஸ்க் நகரில் பத்சானொவ் என்பவர் மூலகங்களின் மின்னெதிர்த்தன்மையையும் இரசாயனப் பிணைப்பையும் பற்றித் தனிநூல் ஒன்று வெளியிட்டார். அதே ஆண்டில், அணுக்களின் பயனுறு மின்னேற்றங்களையும் மின்னெதிர்த்தன்மையையும் ஒருங்கு வைத்து ஆராயும் கட்டுரையொன்று சோவியத்து இரசாயனச் சஞ்சிகையில் வந்தது. அதை எழுதியவர் சீர்க்கின்.